மூன்றாம் மாடிக் கல்பாசி

அந்த ஆய்வு நிலையத்தில் நான்கு தளங்கள். நான்கிலும் பெண்கள் கழிப்பறை உண்டு. தரைத்தளத்தில் இருந்தது விருந்தினருக்கு. முதல் மாடியில் இருந்தது இயக்குநரைப் பார்க்க வருகிறவர்களுக்கு. இரண்டாம் மாடியில் இருந்ததன் சாவி தொலைந்து ஒன்பது வருடம் ஆகிறது. அதைத் தேட ஒரு குழு இருக்கிறது. ஆகவே தரைக்குக் கீழே அடித்தளத்தில் வேலை பார்த்த தட்டக்கா, நாளைக்கு நான்கு தடவை மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்கினாள்.

கிருமி வளர்க்கும் கண்ணாடித் தட்டுகளோடு பதினான்கு வருடமாகக் குடித்தனம் செய்வதால் அவள் தட்டக்கா. அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் பணியாளர் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது.

மூன்றாம் மாடிக் கழிப்பறை ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் எட்டும் சிமெண்டு விளிம்பில், ஒரு கல்பாசி ஒட்டிக்கொண்டிருந்தது. மசாலா டப்பாவில் கருகிய காகிதம் மாதிரிக் கிடக்குமே, அதற்குத் தூரத்துச் சொந்தம். இது சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். பாசி என்று பெயரே தவிர, பாசி மட்டும் இல்லை. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் வீடு அது. பூஞ்சை கூரை போடும். பாசி வெயிலில் சமைக்கும். புத்தகங்கள் ரொம்ப நாள் இத்தோடு நிறுத்திக்கொண்டன. அதே வீட்டில் லட்சக்கணக்கில் பாக்டீரியாக்கள் ஒண்டுக்குடித்தனம் இருப்பதையும், அந்நியக் கிருமி வாசல்படி ஏறாதபடி அவை ஏதேதோ மருந்து காய்ச்சுவதையும் பிறகுதான் கவனித்தார்கள். குடியிருப்பவர்களை யார் எண்ணுகிறார்கள்?

தட்டக்கா வேலைக்குச் சேர்ந்தபோது அது சட்டைப் பொத்தான் அளவு. இப்போது பிஸ்கட் அளவு. பக்கத்துக்கு வருடம் ஒரு மில்லிமீட்டர். அந்த நிலையத்துப் பதவி உயர்வோடு வைத்துப் பார்த்தால் ஓட்டம் என்றே சொல்லலாம். தன் பிறந்தநாள்தோறும் அவள் அதன் ஓரத்தை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுத்து, சற்றுத் தள்ளித் தேதி எழுதுவாள். பேனா மழைக்குக் கரையும், பென்சில் கரையாது. தட்டுக்காரர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். அடுத்த பிறந்தநாளுக்குள் கோட்டைக் கல்பாசி தின்றுவிட்டிருக்கும். தேதிகள் மட்டும் ஒன்றின்கீழ் ஒன்றாகப் பதின்மூன்று நின்றன. அவள் பிறந்தநாளைக் குறித்துவைத்திருந்த இன்னொரு இடம் பணியாளர் பதிவேடு. அது ஓய்வு பெறும் தேதியைக் கணக்குப் போட.

இயக்குநரை எல்லோரும் ‘சிகரம்’ என்பார்கள், அவர் இல்லாத நேரத்தில். இருக்கும் நேரத்துக்கு இன்னும் உயரமான வார்த்தைகள் இருந்தன. மனிதக் காலடி படாத மலைகளின் கல்பாசியிலிருந்து புதிய மருந்து கொண்டுவருவதாகச் சொல்லி, அவர் ஒரு புகைப்படக்காரரோடும் நான்கு தொப்பிகளோடும் மலையேறப் போனார். பன்னிரண்டாம் நாள், காலடி பட்ட மலையிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு பொட்டலங்களோடு திரும்பினார்.

“தட்டக்கா, இதுல ஒண்ணு உலகத்தையே புரட்டும்.”

“சரி சார். ஈரத்தோட கட்டிட்டீங்க. பாதி பூசணம் புடிச்சிருச்சு.”

“பூசணமும் இயற்கைதானே?”

கிருமிக்குத் தீனியாகும் கூழைக் காய்ச்சி, இருநூற்றுப் பன்னிரண்டு பொட்டலத்துக்கும் அவள் தட்டு ஊற்றினாள். கடைசியில் ஒரு தட்டு மிஞ்சியது. ஊற்றிய தட்டை வீணாக்க மனம் வரவில்லை. மேலே போனாள்; ஜன்னல் விளிம்பிலிருந்து மிளகளவு சுரண்டி வந்து அதில் தேய்த்தாள். எண் இருநூற்றுப் பதிமூன்று.

சேகரிப்புப் படிவத்தில் எண், உயரம், சரிவு, வானிலை, சேகரித்தவர் என்று கட்டங்கள் இருந்தன. கழிப்பறைக்கு என்ன சரிவு போடுவது? எல்லாவற்றையும் காலியாக விட்டுவிட்டு, ‘குறிப்பு’ என்ற கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: ‘மூன்றாம் மாடி, பெண்கள் கழிப்பறை, ஜன்னல் விளிம்பு. ஒப்பீட்டுக்காக.’ மேலே செயலர் இதைத் தட்டச்சு செய்தபோது தாளின் அகலம் போதவில்லை. கடைசிக் கட்டத்தை விட்டுவிட்டார். காலிக் கட்டங்கள் அவர் கண்ணை உறுத்தின; எல்லாவற்றிலும் ‘மேற்படி’ என்று நிரப்பினார். அதற்கு மேல் வரியில் இருந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்ணோ மூவாயிரம் மீட்டர், பனி விளிம்பு, சேகரித்தவர் இயக்குநர்.

ஏழு நாளில் முளைக்காத தட்டை நீராவியில் அவித்துக் கொட்டிவிட வேண்டும் என்பது நிலைய விதி. தட்டக்கா கொட்டமாட்டாள். தட்டு காயாமலிருக்க இன்குபேட்டருக்குள் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். காத்திருப்பதற்கு அவளிடம் எல்லா வசதியும் இருந்தது. மலைத் தட்டுகள் பூசணத்தையும், உலகம் ஏற்கெனவே அறிந்த நாலைந்து கிருமிகளையும் தந்து ஓய்ந்தன. நாற்பத்தோராம் நாள் இருநூற்றுப் பதிமூன்றில் சுண்ணாம்புப் பொடி போல ஒரு வெள்ளைப் புள்ளி. பக்கத்தில் ரோஸ் நிறத்தில் வழவழவென்று ஒரு தீற்றல்.

அதன்மேல் எந்த மருந்துக்கும் மசியாத ஓர் ஆஸ்பத்திரிக் கிருமியைப் பரப்பி மறுநாள் பார்த்தாள். தட்டு முழுக்கக் கிருமி மூடியிருந்தது. வெள்ளைப் புள்ளியை ஒட்டி மட்டும் துடைத்துவிட்டாற்போல் வெற்றிடம். தட்டுக்காரர்கள் அதை வளையம் என்பார்கள். சிலர் ஓய்வு பெறும்வரை பார்ப்பதில்லை.

செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள்.

“சார், இருநூத்துப் பதிமூணு வளையம் குடுத்திருக்கு. ஆனா சார், அது…”

சிகரம் செயலரின் பட்டியலை எடுத்தார். “மூவாயிரம் மீட்டர். பனி விளிம்பு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தட்டக்கா. கை விறைச்சுப் போச்சு.”

“இல்ல சார், அது வந்து…”

“இந்த விரல். இன்னும் சரியா மடங்கல பாருங்க.”

மடங்காத விரலோடு ஒரு மனிதர் நிற்கும்போது கழிப்பறையைப் பற்றி எப்படிப் பேசுவது? அவள் இறங்கி வந்துவிட்டாள். மறுநாள் செய்தித்தாளில் விரலோடு படம் வந்தது.

அடுத்தது சுத்திகரிப்பு. தட்டில் பல கிருமிகள் கலந்திருக்கும். ஒரு புள்ளியை மட்டும் எடுத்துப் புதுத் தட்டில் கம்பியால் இழுத்து, அதிலிருந்து ஒரே புள்ளியை எடுத்து மறுபடி இழுத்து, வேறெதுவும் இல்லாத தனியன் ஆக்க வேண்டும். தனியனுக்குத்தான் ஃப்ரீஸரில் இடம், கலப்படம் நீராவிக்கு. தட்டக்காவின் கைச்சுத்தம் பிரசித்தம். மற்றவர்கள் மூன்று தடவை இழுத்தால் அவள் ஒன்பது தடவை இழுப்பாள். ரோஸ் தீற்றலை மூன்றாம் தடவையே ஒழித்துக்கட்டி, அது கலந்திருந்த தட்டுகளை எல்லாம் அவித்துக் கொட்டினாள். ஒன்பதாம் தடவை கிடைத்த வெள்ளை, வெள்ளை என்றால் வெள்ளை.

சோதித்துப் பார்த்தாள். வளையம் இல்லை. இடையில் எடுத்துவைத்திருந்தவற்றையும் சோதித்தாள். ஆறாம் தடவையிலேயே வளையம் பாதி. எட்டில் ஊசி நுழையாது. ஒன்பதாம் வெள்ளையின் தலைமேலேயே ஆஸ்பத்திரிக் கிருமி படுத்துத் தூங்கியது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலத் தங்கை போன் செய்தாள். இன்னொரு ஊரில், கணவன் பிள்ளைகளோடு இருப்பவள்.

“என்னக்கா பண்றே?”

“தட்டு பாத்துட்டு இருக்கேன்.”

“ஞாயித்துக்கிழமையுமா? எங்க மாடி ரூமு சும்மாதான் கெடக்கு. எங்க வீட்டுக்காரரு டிரெட்மில்லு வாங்கிப் போட்டிருக்காரு, துணி காயப்போட. அதைத் தூக்கிட்டா நீ தாராளமா இருக்கலாம். ஒத்தையில கெடந்து என்னத்தக் கண்ட?”

“ஒரு தட்டு வச்சிருக்கேன். முளைச்சதும் வர்றேன்.”

“பதினாலு வருசமா முளைக்குது உன் தட்டு. என் பொண்ணு பொறந்து, வளந்து, என்னையே எதுத்துப் பேசுறா.”

திங்கட்கிழமை சிகரம் அடித்தளத்துக்கு இறங்கிவந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. விளக்கு சுவிட்சைத் தேடிக் கதவுக்கு வெளியே தடவினார்.

“வெள்ளிக்கிழமை மதிப்பீட்டுக் குழு வருது தட்டக்கா. வளையம் காட்டணும். இல்லேன்னா இந்த ரூமை ஃபைல் ரூமா மாத்திடலாம்னு நிர்வாகம் நினைக்குது.”

“நிர்வாகம்னா யாரு சார்?”

“நான்தான். ஆனா வருத்தத்தோட நினைக்கிறேன்.”

“அப்ப நான்?”

“உங்களுக்குத்தான் தங்கச்சி வீடு இருக்கே. குடும்பத்தோட இருக்கக் குடுத்து வைக்கணும்.”

அவர் போனபின் அவள் இன்குபேட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அது உறுமிக்கொண்டிருந்தது. அந்த அறையில் அவளிடம் நாள் முழுக்கப் பேசுவது அது ஒன்றுதான். பேச்சு ஒரே ரகம். மாடி ரூமில் டிரெட்மில் இருந்த இடத்தில் தன்னை நிறுத்திப் பார்த்தாள். அதன்மேல் காய்ந்த துணிகளை இனி எங்கே போடுவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

செல்போனில் அந்த முதல் படத்தை எடுத்துப் பெரிதாக்கினாள். நூறு தடவை பார்த்த படம். வளையம் வளையமாகவே இல்லை. பிறை. ரோஸ் தீற்றல் இருந்த பக்கம் தடித்து, மறுபக்கம் ஒன்றுமேயில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தாள். பிறைதான்.

வெள்ளை தானாக மருந்து காய்ச்சவில்லை. பக்கத்தில் ரோஸ் வந்து இடித்தால்தான் காய்ச்சுகிறது. தொல்லை கொடுக்க ஆளில்லாத வெள்ளைக்கு மருந்து எதற்கு? ரோஸ் போனபின் சில தட்டுக்குப் பழைய பகை ஞாபகம் இருந்திருக்கிறது; பிறகு அதுவும் மறந்துவிட்டது. ஒன்பது தட்டு தூரம் கூட்டிப்போய்ச் சண்டைக்கு ஆளே இல்லாமல் பண்ணிவிட்டாள். கை கொஞ்சம் அழுக்காக இருந்திருந்தால் பிழைத்திருக்கும். நிலையத்தில் கைச்சுத்தம் இல்லாதவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இந்தத் தவறைச் செய்ய அவளால்தான் முடிந்தது.

ரோஸ் இனிக் கிடைக்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. அவள் எழுந்து படியேறினாள். இரண்டாம் மாடியிலேயே சத்தம் கேட்டது: கர்ர், கர்ர். கம்பி பிரஷ். குழுவுக்காகக் கட்டிடத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள்.

மீதிப் படிகளை எப்படி ஏறினாள் என்று தெரியாது. கழிப்பறை ஜன்னலைத் தள்ளினாள். வெளியே சாரத்தில், தலையில் துண்டு கட்டிய பெயிண்டர் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, நிறுத்துங்க!”

“அம்மா, இது லேடீஸ் பாத்ரூமுன்னு எனக்கும் தெரியும். சத்தியமா அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.”

“அதில்லண்ணே. இந்த விளிம்புல சாம்பக் கலர்ல…”

“சொறி மாதிரி புடிச்சிருந்துச்சே, அதா? கவலைப்படாதீங்க, நாலு பக்கமும் சுரண்டியாச்சு. மூணு மூட்டை. ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிட்டேன், இனி ஜென்மத்துக்கும் வராது.”

அவள் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்தா, இந்த ஒரு இடம்தான் பாக்கி,” என்று அவர் காலை நகர்த்தினார். கல்பாசி அங்கேயே இருந்தது. சுற்றிலும் சாண் அகலத்துக்குப் பழைய சிமெண்டும் இருந்தது. “கோடு போட்டுத் தேதி எழுதியிருந்துச்சா, விட்டுட்டேன். விரிசல் பெருசாகுதான்னு பாக்க இன்ஜினியருங்க இப்படித்தான் எழுதி வைப்பாங்க. போன கட்டிடத்துல தெரியாம ஒண்ணை அழிச்சிட்டேன், அந்த மனுசன் என்னைக் கடிச்சுத் துப்பாத குறை. பதிமூணு வருசம்! தவறாம ஒருத்தர் வந்து அளந்திருக்காரு பாருங்க. பொறுப்பான ஆளு.”

“ம்.”

“உங்களுக்குத் தெரியுமா அவரை?”

“பாத்திருக்கேன்.”

“எல்லாம் ஒரே மாசம், ஒரே தேதி. என்னா விசேஷம்னு தெரியல.”

“விசேஷம்லாம் ஒண்ணும் இல்லண்ணே,” என்றாள்.

சுத்தமான பிளேடால் ஓரத்திலிருந்து ஒரு கடுகளவு மட்டும் எடுத்தாள்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. ஐந்து பேர். சிகரம் நாற்பது நிமிடம் பேசினார்; பனி, மூச்சுத்திணறல், விரல் எல்லாம் வந்தன. திரையில் அவர் ஒரு பாறைமேல் கால் வைத்திருந்தார். குழுவில் ஜலதோஷத்தோடு ஓர் அம்மாள் இருந்தார். சொந்தமாகத் தட்டு பிடித்த கைகள் என்பது தட்டக்காவுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அந்த அம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, “தட்டைக் காட்டுங்களேன்,” என்றார்.

தட்டக்கா வைத்தாள். வளையம் இல்லாத தட்டு.

“தப்பு என்னோடதும்மா. ரொம்பச் சுத்தம் பண்ணிட்டேன். பக்கத்துல ஒரு ரோஸ் இருந்துச்சு. அது இருந்தாத்தான் இது காய்ச்சும். அதை நான்தான் கொன்னேன்.” செல்போன் படத்தைக் காட்டினாள். அம்மாள் அதை ரொம்ப நேரம் பார்த்தார்.

“பிறை,” என்றார்.

“ஆமாம்மா.”

“மலைப் பொட்டலத்துல மிச்சம் இருக்குமே? மறுபடி ரோஸை எடுக்கலாமே?”

தட்டக்கா சிகரத்தைப் பார்த்தாள். அவர் விரலைத் தடவிக்கொண்டிருந்தார். அவள் பையிலிருந்து தன் கையெழுத்துப் படிவத்தை எடுத்து, கடைசிக் கட்டத்தில் விரல் வைத்து, அம்மாளிடம் நீட்டினாள்.

“இது மலையில எடுத்தது இல்லம்மா. மூணாம் மாடி கக்கூஸ் ஜன்னல்.”

அம்மாள் படிவத்தைப் படித்தார், தும்மினார், தும்மல் சிரிப்பாகி முடிந்தது. “காலையில கீழ தண்ணி வரலேன்னு என்னை அங்கதான் அனுப்பினாங்க.”

சிகரத்துக்கு மூன்று விநாடி ஆனது. “இதைத்தான் நான் முடிவுரையா வச்சிருந்தேன்!” என்று எழுந்தார். “அற்புதங்களைத் தேடி நாம் மலையேறுகிறோம். அவையோ நம் காலடியில் இருக்கின்றன!” மூன்றாம் மாடியைக் காலடி என்று சொல்லத் தனி உயரம் வேண்டும், அது அவரிடம் இருந்தது. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பதைக் கிருமிகளும் அறிந்திருக்கின்றன என்று முடித்தார். கைதட்டினார்கள். கூடி வாழ்வதன் நன்மையைப் பற்றி விருந்து அறையில் பேச்சு தொடர்ந்தது. தட்டக்காவுக்கு அங்கே நாற்காலி போடவில்லை; அவள் தட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஜலதோஷ அம்மாள் தயவில் அறுபது நாள் அவகாசம் கிடைத்திருந்தது.

கடுகளவை அவள் பன்னிரண்டு தட்டில் தேய்த்திருந்தாள். இந்தத் தடவை எதையும் சுத்தம் செய்யவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள், காலையில் வந்தாள், பார்த்தாள், சாயங்காலம் விளக்கை அணைத்தாள். அடித்தளத்துக்கு யாரும் வரவில்லை. ஃபைல் அலமாரிகள் மட்டும் முன்னேற்பாடாக இரண்டு வந்து, கதவுக்கு வெளியே காத்திருந்தன. ஒருநாள் அவற்றைத் துடைத்தும் வைத்தாள். தூசி அவளுக்கு ஆகாது. முப்பதாம் நாள் பூசணம் மூன்று தட்டைத் தின்றது. நாற்பதாம் நாள் வரை மீதியிலும் ஒன்றுமில்லை.

நாற்பத்து நான்காம் நாள் ஏழாம் தட்டில் ரோஸ். அதன் ஓரத்தில், வெட்கப்பட்டாற்போல, ஒரு வெள்ளைப் பொடி. ஆஸ்பத்திரிக் கிருமியைப் பரப்பினாள். மறுநாள் மதியம் மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

பிறை. தடித்த, தெளிந்த, துடைத்த பிறை.

திரும்பி, யாரிடமாவது சொல்ல வாயைத் திறந்தாள். இன்குபேட்டர் உறுமியது. வாயை மூடிக்கொண்டு, மேலே அனுப்ப வேண்டிய அறிக்கையை எழுதினாள். பிறகு, ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில் முதல்முறையாக, தங்கையைக் கூப்பிட்டாள்.

“என்னக்கா, உடம்பு சரியில்லையா?” தங்கை பதறிவிட்டாள்.

“இல்லடி. தட்டு முளைச்சிருச்சு.”

“நெசமாவா! அப்ப வர்றியா?”

தட்டக்கா இதை யோசித்து வைத்திருக்கவில்லை.

“இல்ல… ஒரு தடவை வந்தா வந்த மாதிரி இல்ல. மூணு தடவை காட்டணும்.”

“மூணு தடவைன்னா?”

“இன்னும் ஒரு தொண்ணூறு நாள்.”

அந்தப் பக்கம் டிவி ஓடியது. யாரோ தண்ணீர் கேட்டார்கள். தங்கை குரலை இறக்கிக்கொண்டாள். “அக்கா, வர இஷ்டமில்லேன்னா இஷ்டமில்லேன்னு சொல்லு. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். பாக்டீரியா மேல பழியைப் போடாத.”

தட்டக்கா பதில் சொல்வதற்குள் தங்கைக்கு அடுப்பில் ஏதோ பொங்கிவிட்டது.

ஃபைல் அலமாரிகள் திரும்பிப் போயின. அறை தப்பியது. கல்பாசிக்கும் யோகம் அடித்தது: சிகரம் அதைப் ‘பாதுகாக்கப்பட்ட ஆய்வுத் தலம்’ என்று அறிவித்து, கழிப்பறை ஜன்னலுக்குக் கம்பி வலை போட்டுப் பூட்டினார். தன் பெயரோடு பித்தளைப் பலகை ஒன்றும் வைத்தார். அதை வாசிக்கக் கழிப்பறைக்குள்தான் வரவேண்டும் என்பதால் அவரால் இன்னும் வாசிக்க முடியவில்லை. சாவி செயலரிடம். கேட்பதற்குப் படிவம் உண்டு.

பிறந்தநாளன்று காலை தட்டக்கா அந்தப் படிவத்தை வாங்கினாள். பெயர், பிரிவு, நேரம், மேலதிகாரி, கடைசியில் ‘குறிப்பு’. எல்லாவற்றையும் நிரப்பினாள். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எழுதினாள்: ‘இன்று எனக்குப் பிறந்தநாள். கோடு போட வேண்டும்.’

செயலர் படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “மேலதிகாரி பேரைத் தெளிவா எழுதுங்க அடுத்த தடவை,” என்று முத்திரை குத்திச் சாவியைக் கொடுத்தார்.

அவள் ஏறிப்போய் வலையைத் திறந்தாள். மூன்று பக்கம் பழைய கோட்டைக் கல்பாசி தின்று முடித்திருந்தது. அவள் சுரண்டிய பக்கம் மட்டும் கோடு அப்படியே நின்றது. ஓரத்தை ஒட்டிப் புதுக்கோடு இழுத்தாள். தேதி எழுதக் கையை நகர்த்தியபோதுதான் கவனித்தாள். சுவர் முழுக்கப் பளீரென்று பெயிண்ட்; தேதிகள் இருந்த இடத்தை மட்டும் பெயிண்டர் நேர்விளிம்பு பிடித்துக் கட்டமாக விட்டிருந்தார். கடைசித் தேதிக்குக் கீழேயும் வெகுதூரம் இடம் விட்டிருந்தார், அந்தப் பொறுப்பான ஆள் தொடர்ந்து எழுதிக்கொள்ள.

பதினான்காவது தேதியை எழுதிவிட்டு, மீதி இடத்தை விரலால் அளந்து பார்த்தாள். இருபது தேதி தாங்கும். ஓய்வு பெற அவளுக்குப் பதினொன்று போதும்.